பதினேழாம் அறைக் கதவில் தொங்கிய ஹெல்மெட்

2024 ஜூலை 10, புதன்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். 5.05-க்குப் பால் பாக்கெட் இரண்டு வந்தன. 5.20-க்கு வாசல் தெளித்து, ஐந்து புள்ளியில் ஒரு சின்னக் கோலம். 5.40-க்குக் குக்கர் வைத்தேன். மூன்று விசிலும் 6.05-க்குள் முடிந்தன. 6.10-க்குச் சட்னி அரைத்து மிக்சியைக் கழுவிக் கவிழ்த்தேன். 6.40-க்கு என் கணவர் இரவு ஷிஃப்ட் முடிந்து மைன்ஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ஹெல்மெட்டைக் கேட்டில் மாட்டினார். நான்கு இட்லி சாப்பிட்டார். 7.00-க்குப் படுத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சத்தம் கிடையாது.

இவ்வளவும் என் டைரியின் அன்றைய பக்கத்தில் இருக்கிறது. கல்யாணமாகி நெய்வேலி நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்புக்கு வந்த நாளிலிருந்து எழுதுகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. மகள் பிறந்த அன்று மட்டும் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

ஹெல்மெட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிளாக்கில் ஒரு குவார்ட்டர்ஸ் கேட்டில் மைன்ஸ் ஹெல்மெட் தொங்கினால், உள்ளே இரவு ஷிஃப்ட் பார்த்தவர் தூங்குகிறார் என்று பொருள். யாரும் எழுதி ஒட்டிய விதி இல்லை. ஆனால் கேபிள்காரர் பெல் அடிக்க மாட்டார். கீரைக்காரம்மா அந்த ஒரு வீட்டைத் தாண்டும்வரை கூவ மாட்டார். தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் அவுட் கேட்பதைக்கூடக் கையாலேயே கேட்பார்கள். இந்தத் தெருக்களில் இருபது வருடம் குடியிருந்த எவரும், ஹெல்மெட்டைக் கண்டால் யோசிக்காமலே குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நடப்பார்கள். அன்று மாலை நடந்ததற்கு அந்தக் குதிகால்தான் காரணம்.

டவுன்ஷிப் ஓரத்தில் இருக்கும் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் நூலகர்; விடுதி ஃபைல்களும் என் பொறுப்பு. அன்று 10.15-க்கு முதல்வர் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கடலூரில் குடியிருந்துகொண்டு காரில் வந்து போகிறார்.

"மறுபடியும் ஹாஸ்டல் ஃபியூஸ் போயிடுச்சும்மா. நாலாவது தடவை. யாரோ ரூம்ல காயில் போட்டு வெந்நீர் வைக்கிறாங்கன்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். ஒயர் பத்திக்கிச்சுன்னா என்ன ஆகும்? இன்னைக்கே எல்லா ரூமையும் சோதிச்சுடுங்க."

"புதிய விதிமுறைப்படியா சார்?"

"அதுக்குத்தானே விதிமுறை போட்டோம்?"

அந்த விதிமுறையின் கதை வேறு. மாணவியர் தனியுரிமை, அறைச் சோதனை, வளாகப் பாதுகாப்பு என்ற தலைப்பில் ஏதோ ஒரு குளிர்தேசத்துப் பல்கலைக்கழகத்தின் முப்பத்தொரு பக்க ஆங்கில விதிகளை முதல்வர் இணையத்திலிருந்து எடுத்து, தமிழில் சுருக்கித் தரும்படி மே மாதம் என்னிடம் கொடுத்திருந்தார். நான்கு பக்கமாகச் சுருக்கினேன். நடைபாதையில் உறைபனி படிந்திருக்கும்போது மாணவர் ஓடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. நெய்வேலி மே மாத வெயிலில் அதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது மின்விசிறியும் நின்றுவிட்டது. இதை எடுத்துவிடலாமா என்று முதல்வரிடம் போய்க் கேட்டேன். "இருக்கட்டும்மா, பாதுகாப்புதானே" என்றார். ஒன்பதாவது விதியாக அது இன்றும் இருக்கிறது. இதுவரை யாரும் மீறவில்லை.

நான்காவது விதி: சோதனைக்கான காரணமும் நேரமும் எழுத்தில் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். ஆகவே எலக்ட்ரீஷியனின் புகார் நோட்டை வாங்கி, ஃபியூஸ் போன நாட்களைப் பார்த்து எழுதினேன்: ஜூன் 19, ஜூன் 21, ஜூலை 9, ஜூலை 10. நான்கும் காலை ஏழேகால் வாக்கில். சோதனை நேரம் இன்று மாலை 5.30 முதல் 6.30 வரை. சரியாக 12.00 மணிக்கு விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

12.20-க்கு முதல்வர் போன் செய்தார். "சோதனைக்கு யாராவது நோட்டீஸ் ஒட்டுவாங்களாம்மா?"

"நாலாவது விதி சார்."

அவர் போனை வைத்துவிட்டார்.

1.20-க்கு நூலகத்தில் ஒரு மாணவி என் மேசைக்கு வந்து நின்றாள். மூன்றாம் ஆண்டு, அறை எண் 17. சேத்தியாத்தோப்பிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஊர். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவளுடைய இரண்டு மெமோக்களும் என் கையால் ஃபைல் செய்யப்பட்டவை. முதலாவது, மின்சாரக் கெட்டிலில் முட்டை வேகவைத்ததற்கு. இரண்டாவது, ஊருக்குப் போய் இருபத்தைந்து நிமிடம் தாமதமாகத் திரும்பியதற்கு. மூன்றாவது மெமோ வந்தால் விடுதியைக் காலி செய்ய வேண்டும்.

கையில் என் நான்கு பக்க விதிமுறை. பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தாள். அதை இதுவரை முழுதாகப் படித்தவர்கள் நானும் அவளும்தான் என்று நினைக்கிறேன்.

"மேடம், ரூம்ல இருக்கறவங்க இருக்கும்போதுதான் சோதிக்கணும்னு போட்டிருக்கீங்க. தூங்கினா இருக்கறதுல சேத்தியா, இல்லாததுல சேத்தியா?"

இப்படி ஒரு கேள்வி அந்தக் குளிர்தேசத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மூலத்தைப் புரட்டினேன். இல்லை.

"விதியில் இல்லை. குறித்து வைக்கிறேன்" என்றேன்.

"நேத்து ராத்திரி முழுக்க ரெக்கார்டு எழுதினேன் மேடம். கண்ணு எரியுது. சாயந்தரம் படுக்கலாம்னு பாத்தேன், அதான் கேட்டேன்." போகும்போது குரலை இறக்கினாள். "மூணாவது வந்துச்சுன்னா எனக்கு ரூம் மட்டும் போவாதுங்க மேடம். எங்க ஊர்லேர்ந்து மொத பஸ்சப் புடிச்சு நான் வர்றதுக்குள்ள இங்க ரெண்டாவது பீரியட் ஆயிடும். எங்கப்பா, போதும் வூட்லயே இருன்னுடுவாரு."

அதையும் குறித்துக்கொண்டேன்.

5.30. சோதனைக் குழுவில் மூன்று பேர். வார்டன், நெல்லிக்குப்பத்துப் பெண், என்னைவிட ஏழு வயது இளையவள். அவள் கணவரும் என் கணவரும் ஒரே மைன்ஸ், ஒரே ஷிஃப்ட், ஒரே பஸ். இரண்டாவது, கேட்டில் நிற்கும் காவலாளி அம்மா. பக்கத்துக் கிராமம், அவர் வீட்டுக்காரரும் மைன்ஸில் கான்ட்ராக்ட். மூன்றாவது, எழுதிக்கொள்ள நான்.

காவலாளி அம்மா தொடங்கும்போதே சொன்னார். "ஒண்ணும் ஆப்டாது மேடம். பன்னெண்டரையிலேர்ந்து கேட்டு வழியா போன பைங்களப் பாக்கணுமே! பொங்கலுக்கு ஊருக்குப் போற மாரி போவுதுங்க."

"நீங்க பார்க்கவில்லையா உள்ளே என்ன இருந்தது என்று?" என்றேன்.

"உள்ள வர்ற பையத்தான பாக்கச் சொன்னாங்க? வெளிய போறத பாருன்னு எனக்கு யாரு சொன்னா? அது மைன்சு கேட்டு டூட்டி மேடம். அதுக்கு வேற ஆளு."

முதல் அறையிலிருந்து வரிசையாகப் போனோம். கதவைத் திறந்ததும் சில பெண்கள் நாங்கள் கேட்காமலே டிபன் பாக்சைத் திறந்து நீட்டினார்கள். அப்பா மைன்ஸ் கேட்டில் தினமும் நீட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். கை தானாக நீண்டுவிடுகிறது. காவலாளி அம்மாவும் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, "செரி, மூடு" என்றார். காயிலை எதற்கு டிபன் பாக்சில் தேடுகிறோம் என்று நான் கேட்கவில்லை. வார்டன்தான் உண்மையாகத் தேடினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து, வாளிக்குள் கைவிட்டு, அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்து, "எங்கடி வெச்சிருக்கீங்க? ஒழுங்கா சொல்லிடுங்க. பதினோராவது விதி தெரியுமில்ல? தானா வந்து குடுத்துட்டா ஒரு நடவடிக்கையும் கெடையாது" என்று அறைக்கு அறை சொன்னாள். அந்த விதியை நான் எழுதியதைவிட அவள் சொல்லும்போது நன்றாக இருந்தது.

எடுத்த பொருளுக்கு ரசீது தர வேண்டும் என்பது ஏழாவது விதி. மூன்றாம் அறையில் மெஸ் ஸ்பூன் பதினொன்று. ரசீது எண் 1. ஆறாம் அறையில் மெஸ் டம்ளர் நான்கு. ரசீது எண் 2. எட்டாம் அறைக்கு முன்பே வாசனை வந்துவிட்டது. துணி சுற்றிய பாதிப் பலாப்பழம்.

"பண்ருட்டியிலேர்ந்து எங்க மாமா கொண்டாந்தாரு மேடம். இது எந்த விதியில வரும்?" என்றாள் அதன் சொந்தக்காரி.

நான்கு பக்கத்தையும் பார்த்தேன். வரவில்லை.

"பூச்சி கீச்சி இருந்தா? பாதுகாப்புதான் மேடம் முக்கியம்" என்று சொல்லி வார்டன் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். காவலாளி அம்மா இரண்டு. எனக்கு ஒன்று தரப்பட்டது. அறிக்கையில் "பலாப்பழம், சோதிக்கப்பட்டது, ஆட்சேபம் இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

பதினாறாம் அறை முடித்து வெளியே வந்தபோது மணி 6.05. நல்ல சத்தம். வார்டன் யாரையோ திட்டிக்கொண்டு வந்தாள். காவலாளி அம்மாவின் இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. பதினேழாம் அறைக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தொங்கியது.

வார்டன் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். காவலாளி அம்மா வாக்கி டாக்கியின் காதைத் திருகி அணைத்தார். நான் பேனாவின் மூடியைச் சத்தம் வராமல் மூடினேன். மூன்று பேரும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டினோம். தாண்டிய பிறகு வார்டன் என் காதருகே, "நைட் ஷிஃப்டு போலருக்கு, பாவம்" என்றாள். நான் தலையசைத்தேன்.

பதினெட்டாம் அறையைக் கிசுகிசுப்பாகச் சோதித்தோம். பத்தொன்பதிலும் அப்படியே. அந்தப் பெண்களும் எங்களைப் பார்த்துத் தாமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருத்தி அலமாரியை ஓசைப்படாமல் திறக்கக் கீலில் எண்ணெய்கூட விட்டாள். கடைசி அறையான இருபத்து நான்கை முடித்துப் படியிறங்கும்வரை யாரும் உரக்கப் பேசவில்லை.

6.28-க்கு மெஸ் மேசையில் உட்கார்ந்து அறிக்கையைச் சரிபார்த்தேன். பதினாறுக்கு எதிரே கையெழுத்து இருந்தது. பதினெட்டுக்கு எதிரே இருந்தது. நடுவில் ஒரு வரி வெறுமையாக இருந்தது.

"பதினேழு?" என்றேன்.

"தூங்கினு இருக்காங்க இல்ல?" என்றார் காவலாளி அம்மா.

"யார்?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெண்கள் கல்லூரி விடுதியில் யார் எந்த மைன்ஸுக்கு இரவு ஷிஃப்ட் போனார்கள் என்ற கேள்வி அப்போதுதான் எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. வார்டன் தலையில் அடித்துக்கொண்டாள்.

6.45-க்கு முதல்வர் அறை. இரண்டு ரசீதையும் பார்த்தார். ஸ்பூன், டம்ளர். அறிக்கையைப் பார்த்தார்.

"பதினேழாம் ரூம் ஏன் காலியா இருக்கு?"

"கதவுல ஹெல்மெட் மாட்டியிருந்துச்சுங்க சார்" என்றாள் வார்டன்.

"இருந்தா?"

வார்டன் என்னைப் பார்த்தாள். நான் அந்த வழக்கத்தை விளக்கினேன். கீரைக்காரம்மாவையும் கிரிக்கெட்டையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"மூணு பெரியவங்க. ஒரு ஹெல்மெட்டப் பாத்துப் பயந்து திரும்பி வந்தீங்களா?"

"பயப்படல சார். எழுப்ப வேணாம்னு" என்றார் காவலாளி அம்மா.

பதினேழாம் அறைப் பெண்ணை வரவழைத்தார்கள். கன்னத்தில் தலையணைக் கோடு. கையில் ஹெல்மெட்.

"இது யாருது?"

"எங்கப்பாவுதுங்க சார். பழசு. வேற ஒண்ணு குடுத்தாங்கன்னு இத நான் எடுத்தாந்துட்டேன்."

"இத எதுக்கு மாட்டினே?"

"தூங்கறதுக்குங்க சார்."

"தூங்கறதுக்கு ஹெல்மெட்டா?"

"தலைக்கு இல்லைங்க சார். கதவுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. காவலாளி அம்மா மட்டும் இருமினார்.

"நாலு தடவை ஃபியூஸ் போயிருக்கு. ஏற்கனவே கெட்டில்ல மாட்டினவ நீ. எல்லா ரூமும் பாத்தாச்சு, உன் ரூம் மட்டும் பாக்கல. நான் என்ன நினைக்கணும்?"

அவள் முகத்தில் தூக்கம் போய்விட்டது. "அப்ப இப்பவே வந்து பாருங்க சார். என்கிட்ட காயில் இல்லைங்க. சாவி இந்தாங்க."

முதல்வர் எழுந்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"சார், அறிவிப்பில் 6.30 வரை என்று இருக்கிறது. இப்போது 6.52. இனி சோதிக்க வேண்டுமானால் புதிய அறிவிப்பு ஒட்ட வேண்டும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையைக் குறித்து வைத்திருக்கிறேன், இங்கே எழுதவில்லை. பிறகு உட்கார்ந்தார்.

"சரி. புது நோட்டீஸ் ஒட்டினா ராத்திரியோட ராத்திரியா அது வெளிய போயிடும். சோதனையத் தடுத்ததுக்கு மூணாவது மெமோ. காலைல ஒன்பதரைக்கு என் டேபிள்ல இருக்கணும். நீங்களே டைப் பண்ணுங்கம்மா. தப்பில்லாம பண்ணுவீங்க."

வெளியே வந்ததும் அந்தப் பெண் என்னிடம் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "நாலாவது விதி கரெக்ட்தாங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

7.35-க்கு வீடு. என் கணவர் குளித்து, இரவு ஷிஃப்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பதினேழாம் அறையைத் தாண்டிய இடத்தில் அவர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

டைரியை எடுத்தேன். அன்றைய பக்கத்தில் ஃபியூஸ் போன நான்கு தேதிகளையும் எழுதினேன். இன்று காலை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மேலே பார்த்தேன். "6.40 வந்தார். ஹெல்மெட் மாட்டினார்." முந்தைய பக்கம், ஜூலை 9: "6.42 வந்தார். ஹெல்மெட் மாட்டினார்." ஜூன் 21-ஐப் புரட்டினேன். ஹெல்மெட். ஜூன் 19. ஹெல்மெட். நடுவில் இருந்த இரண்டு வாரங்களில் பகல் ஷிஃப்ட்; அப்போது ஒரு ஃபியூஸும் போகவில்லை.

கல்லூரி மாணவி ஒருத்தி எங்கள் வீட்டு ஷிஃப்ட் பார்த்து வெந்நீர் வைக்க மாட்டாள். எங்கள் வீட்டு ஷிஃப்ட்டை வைத்துக் காலையை நடத்தும் ஆள் கல்லூரியில் இரண்டு பேர்தான். ஒன்று நான்.

8.10-க்கு வார்டனுக்குப் போன் செய்தேன். கல்லூரியில் நான் அவளுக்கு மேடம், போனில் அக்கா.

"நாளைக்குக் காலையில என்ன சட்னி?" என்றேன்.

"இன்னாக்கா, இந்நேரத்துல சட்னி கேக்குறீங்க? தேங்கா சட்னிதான்."

"எங்க அரைப்பே?"

மறுமுனையில் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"டைரியாக்கா?"

"டைரிதான்."

"நான் இன்னாக்கா பண்றது?" என்று ஆரம்பித்தாள். "உங்கள மாரி நாலரைக்கு எழுந்துக்க என்னால ஆவுமா? நான் எழுந்துக்கறதே ஆறு. வாசல் தெளிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தாளு வந்து படுத்துடறாரு. தூங்கினு இருக்கற மனுசன் தலமாட்ல மிக்சி போட முடியுமா? பாத்ரூமு வேற அந்த ரூமுக்கு ஒட்டினாப்புல. பக்கெட்ல தண்ணி புடிச்சாலே எழுந்துக்குவாரு. அதான் நைட் ஷிஃப்டு வாரத்துல மட்டும் எல்லாத்தையும் எடுத்துகினு ஏழு மணிக்கு ஆஸ்டலுக்கு வந்துடறது. வார்டன் ரூம்ல ரெண்டு பிளக்கு சும்மாதான கெடக்குது. ஒண்ணுல காயிலு, ஒண்ணுல மிக்சி."

"ரெண்டும் ஒரே நேரத்துலயா?"

"தண்ணி காயற வரைக்கும் சும்மா நின்னுகினு இருக்கச் சொல்றீங்களா?"

"சாயங்காலம் அப்படிக் குனிஞ்சு குனிஞ்சு தேடினியே!"

"சத்தியமா என்னாலதான்னு நெனைக்கலக்கா. பொண்ணுங்ககிட்டயும் ஒரு காயிலாவது இருக்கும், அதுவும் இதுவும் சேந்துதான் போவுதுன்னு நெனச்சேன். ஃபியூஸ் போறப்பல்லாம் நானும்தான ஓடியாந்து கத்துனேன்? பாதி சட்னியில நின்னுடும், கோவம் வராதா?"

அந்தப் பெண்ணின் மெமோவைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதரைக்கு நான் டைப் செய்து கொடுக்க வேண்டும் என்றேன்.

"நான் சொன்னா என்னத் தூக்கிடுவாரேக்கா" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"பதினோராவது விதி. தானாகக் கொடுத்தால் நடவடிக்கை இல்லை. இன்றைக்கு நீயே இருபத்து மூன்று அறையில் சொன்னாய்."

"அது பொண்ணுங்களுக்கு."

"விதியில் வளாகத்தில் அறை வைத்திருப்போர் என்றுதான் இருக்கிறது. தமிழில் எழுதினவள் நான்தானே."

"நீங்களே எழுதறீங்கன்னா மிக்சிக்கும் ஒரு விதி எழுதியிருக்கலாமில்லக்கா?" பிறகு, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுக்கா. போன வாரம் ஒரு தோச குடுத்தேன், ஒரு கையில தோச, ஒரு கையில புஸ்தகம். காலைல ஏழு மணிக்கு வாங்க. நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னா போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றாள்.

போனை வைத்தேன். என் கணவர் ஷூ லேஸ் கட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மிக்சி சத்தத்துக்கா அவன் எழுந்துக்கறான்?" என்றார். "எட்டு மணி நேரம் மிஷின் பக்கத்துல நிக்கறோம். எங்களுக்கு மிக்சி தாலாட்டு மாதிரி."

"அப்போ நான் இத்தனை வருஷம்?"

"நீ மெதுவா நடப்ப பாரு, ஒரு அடி வெச்சு, நின்னு, இன்னொரு அடி. அதுல தினமும் முழிப்பு வந்துடும். என்னடா அடுத்த அடிய இன்னும் காணமேன்னு காத்துகிட்டு இருப்பேன்."

"இருபத்து நாலு வருஷமா ஏன் சொல்லவில்லை?"

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டு நடக்கறப்ப எப்படிச் சொல்றது?"

9.05-க்கு அவர் பஸ் வந்தது. அவர் சொன்னதை அப்படியே டைரியில் எழுதினேன். எழுதி முடித்த பிறகு ஒருமுறை கூடத்தில் நடந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

ஜூலை 11, வியாழன். எல்லாவற்றையும் அரை மணி முன்னதாக முடித்துவிட்டு, 6.35-க்குக் கிளம்பி 7.00-க்கு விடுதியில் இருந்தேன். வார்டன் அறைக்குள் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

"காயில் போடலக்கா. மிக்சி மட்டும்தான்" என்றாள். "இன்னிக்கு அவருக்கு டிபன் வேணுமில்ல?"

மிக்சியை நிறுத்தி, முந்தானையில் கையைத் துடைத்து, முதல்வருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நின்றுகொண்டே பேசினாள். ஷிஃப்ட், பாத்ரூம், சட்னி, எல்லாம் சொன்னாள். பதினோராவது விதியைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பி எண்ணை உறுதிப்படுத்திக்கொண்டாள். கார் ஹாரன் சத்தம் கேட்டது. அவர் பாலம் எதையோ தாண்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"மேடம் பக்கத்துல இருக்காங்களா?" என்றார்.

"இருக்கிறேன் சார்."

"அந்த மெமோவ டைப் பண்ண வேண்டாம்."

"சரி சார். பதினேழாம் அறைக்கு எதிரே என்ன எழுதட்டும்?"

"சோதிக்கலன்னு எழுதுங்க. காரணம் நீங்களே போட்டுக்குங்க. ஹெல்மெட்டுன்னு மட்டும் போட்டுடாதீங்கம்மா, நாளைக்கு யாராவது படிப்பாங்க."

அந்த அறைக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தாழ்ப்பாளில் மஞ்சள் ஹெல்மெட் மறுபடியும் தொங்கியது. மெமோ இல்லை என்ற செய்தியை அவள் எழுந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மெஸ் மேசையில் உட்கார்ந்து அன்றைய முதல் வேலையாக அறிக்கையின் வெற்று வரியை நிரப்பினேன்: "அறை 17. சோதிக்கப்படவில்லை. காரணம்: உறக்கம்." அடுத்து ரசீது எண் 3, வார்டன் பெயருக்கு: வாட்டர் காயில் ஒன்று, மிக்சி ஒன்று, ஜார் இரண்டு. சிறிய ஜாரில் இருந்த தேங்காய்ச் சட்னி எந்த விதியிலும் வராததால், 7.20-க்கு உரியவரிடமே திருப்பித் தரப்பட்டது.